412 கேள்விகளும் ஒரு துடைப்பமும்: நிரலாக்க எஃப்.ஏ.க்யூ. ஒன்றைச் சீரமைப்பது எப்படி

நாங்கள் மூன்று பேர் பார்த்துக்கொள்ளும் பைத்தான் நிரல்மொழியின் எஃப்.ஏ.க்யூ.வில், அதாவது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளின் தொகுப்பில், 47-ஆம் கேள்வி ஒரு காலத்தில் இப்படி இருந்தது: ‘லிஸ்டை இன்னொரு பெயரில் நகலெடுத்து மாற்றினால், பழைய லிஸ்டும் ஏன் சேர்ந்து மாறுகிறது?’ ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழகாக வரிசைப்படுத்தி, 1-லிருந்து மறுபடி எண் போட்டேன். அன்று மாலையிலிருந்து 47 என்பது விண்டோஸில் பாத் (பைத்தான் எங்கே இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் குறிப்பு) அமைப்பது பற்றிய கேள்வியாகிவிட்டது. அதற்கு முன் எத்தனையோ பேருக்கு நாங்களே ‘47-ஐப் பாருங்கள்’ என்று எழுதியிருந்தோம். லிஸ்ட் குழப்பத்தோடு வந்தவர்கள் பாத்தைப் படித்துவிட்டுப் போனார்கள். ஒருவர் பைத்தானையே அழித்து மறுபடி நிறுவிவிட்டு, ‘அப்படியும் லிஸ்ட் மாறுகிறது’ என்று எழுதினார். பாவம்.

செத்த இணைப்பு தான் செத்ததையாவது சொல்லும். எண் மாறிய இணைப்பு வாய் கூசாமல் பொய் சொல்லும். அதனால், நீங்களும் இப்படியொரு தொகுப்பைச் சீரமைக்கப் போகிறீர்கள் என்றால், முதல் வாரம் எதையும் தொடாதீர்கள்.

தொடாமல் என்ன செய்வது? எண்ணுங்கள். முழுத் தொகுப்பையும் அப்படியே கிட்டில் (ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவி) போட்டு முதல் கமிட் (பதிவு) செய்துவிட்டு, ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து கேள்விக்கு ஒரு வரி எழுதுங்கள்: முகவரி, தலைப்பு, கடைசியாகத் திருத்திய தேதி, எந்த வெர்ஷனுக்கு எழுதியது, மாதம் எத்தனை பேர் பார்க்கிறார்கள், கடைசியில் ‘முடிவு’ என்று ஒரு காலிக் கட்டம். எனக்கு 412 வரி வந்தது. எங்களிடம் 250 கேள்வி இருக்கும் என்றுதான் மூவரும் நினைத்திருந்தோம். மூன்று வார இறுதிகள் போயின. அலுப்பான வேலைதான். ஆனால் எந்தக் கேள்வி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

எண் வேறு, பெயர் வேறு

சி மொழிக்கு காம்ப்.லாங்.சி என்ற பழைய இணைய விவாதக் குழுவின் எஃப்.ஏ.க்யூ. ஒன்று உண்டு. ஸ்டீவ் சம்மிட் 1990-லிருந்து பராமரித்தது. அதில் ஒவ்வொரு கேள்விக்கும் 6.2, 14.1 என்று அத்தியாயமும் எண்ணும் சேர்ந்த அடையாளம். பழைய ஆட்கள் ‘6.2 படி’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். கேட்டவர் போய் அர்ரேயும் (மதிப்புகளின் வரிசை) பாயின்டரும் (நினைவக முகவரி) ஒன்றல்ல என்று படித்துத் தெரிந்துகொள்வார். எண் இப்படிப் பெயராகிவிட்டால், பிறகு அது உங்கள் சொத்து இல்லை, ஊர் சொத்து.

எனவே ஒவ்வொரு கேள்விக்கும் வரிசையைச் சாராத ஒரு குறும்பெயர் கொடுங்கள். எங்கள் 47-க்கு இப்போது முகவரியில் ‘லிஸ்ட்-நகல்’ என்று பெயர். அது எந்தப் பகுதியில் இருக்கிறது, எத்தனையாவது என்பதெல்லாம் முகவரியில் கிடையாது. பகுதிப் பெயரை முகவரிக்குள் வைத்தால், அடுத்த முறை வேறு பகுதிக்கு நகர்த்தும்போது அதே வம்பு மறுபடி வரும்.

பழைய முகவரிகள் அனைத்துக்கும் 301 ரீடைரக்ட், அதாவது ‘நிரந்தரமாக இடம் மாறிவிட்டது’ என்று புது முகவரிக்கு அனுப்பும் சர்வர் பதில். அழித்த கேள்விகளுக்கு வெறும் 404 (‘காணவில்லை’) வேண்டாம். 410 (‘நிரந்தரமாகப் போய்விட்டது’) கொடுத்து, ‘இது பைத்தான் 2 காலத்துக் கேள்வி, நீக்கிவிட்டோம், இன்றைய வழி இங்கே’ என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். இதில் என்னை ஒரு முழு நாள் அலைக்கழித்த விஷயம் ஒன்று. உங்கள் பழைய தொகுப்பு ஒரே நீளப் பக்கமாக இருந்து, கேள்விகளுக்கான இணைப்புகள் # குறிக்குப் பின்னால் இருந்தால், சர்வரில் எந்த ரீடைரக்ட் எழுதினாலும் பயன் இல்லை. # குறிக்குப் பிறகு வருவதை பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. பழைய பக்கம் இருந்த அதே முகவரியில் ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்ட்டை வைத்து, # துண்டைப் பார்த்துப் புது இடத்துக்கு அனுப்பச் சொல்ல வேண்டும்.

என் 47-க்கு இதுவும் போதவில்லை. ஏனென்றால் அதற்கு இரண்டு பிறவி ஆகிவிட்டது. எண் மாறுவதற்கு முன் இணைத்தவர்களும் உண்டு, மாறிய பிறகு இணைத்தவர்களும் உண்டு. கடைசியில் ‘நீங்கள் தேடுவது லிஸ்ட் நகலா, விண்டோஸ் பாத்தா?’ என்று கேட்கும் ஒரு குட்டிப் பக்கம் வைத்தேன். இப்படி 31 குட்டிப் பக்கங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

தலைப்பு கேட்பவருடையது

பெர்ல் நிரல்மொழியோடு வரும், விளக்கக் குறிப்புகளைக் காட்டும் பெர்ல்டாக் கட்டளையில் ‘-க்யூ’ என்று ஒரு விருப்பம் உண்டு. அது பெர்ல் எஃப்.ஏ.க்யூ.வின் ஒன்பது பகுதிகளிலும் தேடும். ஆனால் கேள்வித் தலைப்புகளை மட்டும். பதிலுக்குள் எவ்வளவு ஞானம் இருந்தாலும் தலைப்பில் அந்தச் சொல் இல்லையென்றால் கிடைக்காது. உங்கள் தொகுப்பில் தேடல் வசதி இதைவிட நன்றாக இருக்கலாம். இருந்தாலும் தலைப்பு எழுதும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் ‘மாறக்கூடிய இயல்பு மதிப்புகளின் நடத்தை’ என்று ஒரு தலைப்பு இருந்தது. எழுதியது நான்தான். விடை தெரிந்தவனுக்குத்தான் அந்தத் தலைப்பு புரியும். அவன் ஏன் அங்கே வரப் போகிறான்? இப்போது அது ‘ஃபங்ஷனை இரண்டாம் முறை அழைத்தால் போன முறை போட்டதெல்லாம் லிஸ்டில் ஏன் இருக்கிறது?’ நீளம்தான். பரவாயில்லை. அந்த மாற்றத்துக்குப் பிறகு அந்தக் கேள்வியைத் தனியாகக் கேட்டு எழுதுபவர்கள் ஏறக்குறைய நின்றுபோனார்கள்.

எரர் செய்தி உள்ள கேள்வியானால் செய்தியை ஆங்கிலத்தில் வந்தபடியே முதல் வரியில் ஒட்டிவிடுங்கள். மொழிபெயர்க்க வேண்டாம், பதற்றத்தில் இருப்பவர் திரையில் இருப்பதைத்தான் நகலெடுத்துத் தேடுவார். பைத்தான் 3.10-இல் பல தொடரியல் எரர்களின் வாசகம் மாறியது. மூடாத அடைப்புக்குறிக்கு முன்பெல்லாம் பெரும்பாலும் ‘இன்வேலிட் சின்டாக்ஸ்’ என்று மொட்டையாக வரும். இப்போது எந்த அடைப்பு மூடப்படவில்லை என்றே சொல்கிறது. பழைய வாசகம், புது வாசகம் இரண்டையும் வைத்திருங்கள்.

தமிழில் தொகுப்பு நடத்துபவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு, இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். தேடல் பதிவில் ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று முடிந்தவற்றை மட்டும் ஒரு மாதத்துக்குத் திரட்டினேன். பட்டியலின் உச்சியில் ‘கோப்பை திறப்பது’. எங்களிடம் கோப்பு பற்றி 14 கேள்விகள் இருந்தன. எல்லாத் தலைப்பிலும் ‘கோப்பு’ அல்லது ‘கோப்பில்’. ‘கோப்பு’ என்று தேடினால் ‘கோப்பை’ அகப்படாது, ‘கோப்பை’ என்று தேடினால் ‘கோப்பு’ அகப்படாது. கடைசி உயிர்க்குறி வேறு. வேற்றுமை உருபு ஏறியதும் நம் சொற்கள் முகம் மாறிவிடுகின்றன. தமிழுக்கான வேர்ச்சொல் பிரிப்பான் உங்கள் தேடலில் இருந்தால் நல்லது. எங்களிடம் இல்லை. அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் கண்ணுக்குத் தெரியாத ‘தேடுசொற்கள்’ வரி ஒன்று சேர்த்தோம்: கோப்பு, கோப்பை, கோப்பில், ஃபைல், பைல். அதிலேயே பைதான், பைத்தான், சரம், ஸ்ட்ரிங், பட்டியல், லிஸ்ட். தூய தமிழா, வழக்குச் சொல்லா என்ற சண்டையும் அத்தோடு ஓய்ந்தது. தலைப்பில் எது வேண்டுமானாலும் இருக்கட்டும், தேடுசொல்லில் இரண்டும் இருக்கும்.

அப்புறம் யூனிகோட், அதாவது எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் முறை. ‘கோ’ என்பதில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு அல்லாத இரட்டைச்சுழிக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. தேடவரும் சொல்லையும் தொகுப்பின் எழுத்தையும் என்எஃப்சி என்ற, பிரிந்த குறியீடுகளைச் சேர்த்து எழுதும் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும். பைத்தானின் யூனிகோட்டேட்டா மாட்யூலில் இதற்கு நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஆனால் ‘கௌ’ எழுத வேண்டிய இடத்தில் ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டிருந்தால் என்எஃப்சி உதவாது. அது எழுத்துப்பிழை, கையால்தான் திருத்த வேண்டும். எங்கள் தொகுப்பில் ஒன்பது இடங்களில் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், எங்களிடம் அதிகம் படிக்கப்படும் கேள்விகளில் ஒன்று ‘தமிழ் என்ற சொல்லின் நீளம் ஏன் 5 என்று வருகிறது?’ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று பைத்தான் ஐந்தாக எண்ணுகிறது என்று நாங்களே பதில் எழுதி வைத்திருக்கிறோம். அதை எழுதிய கையோடு எங்கள் தேடலில் கோட்டைவிட்டிருக்கிறோம்.

ஒன்றாக்குவது, தவறாக ஒன்றாக்குவது

412-இல் பாதிக்கு மேல், வேறு ஏதோ ஒரு கேள்வியே வேறு உடையில் வந்தவை. எடுத்துக்காட்டாக ஒரு வகை: 0.1 + 0.2 போட்டால் ஏன் 0.30000000000000004 வருகிறது? 1.1-ஐ 3-ஆல் பெருக்கினால் ஏன் 3.3000000000000003? 0.29-ஐ 100-ஆல் பெருக்கி முழு எண்ணாக்கினால் ஏன் 28? 2.675-ஐ இரண்டு தசமத்துக்கு முழுமைப்படுத்தினால் ஏன் 2.67? எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே: அந்தத் தசம எண்களை இருமத்தில் துல்லியமாக எழுத முடியாது. முன்பு சொன்ன சி தொகுப்பின் 14.1-உம் இதே கதைதான், 3.1 கொடுத்தால் 3.0999999 என்று அச்சாகிறதே என்று கேட்கிறது.

இந்த வகையில் ஒன்பது கேள்விகள் இருந்தன. பதில்களை ஒன்றாக்கினேன், தலைப்புகளை ஒன்றாக்கவில்லை. வீடு ஒன்று, வாசல் ஒன்பது. 28 வந்து குழம்பியவர் 28 என்று எழுதிய வாசலில்தான் நுழைவார். ‘மிதவைப் புள்ளி எண்களின் துல்லியம்’ என்று பலகை வைத்தால் அவருக்கு அது தன் வீடு என்றே தெரியாது.

ஆர்வக்கோளாறில் ‘2.5-ஐ முழுமைப்படுத்தினால் ஏன் 2 வருகிறது?’ என்பதையும் இதில் தள்ளிவிட்டேன். தப்பு. 2.5 இருமத்தில் அச்சுப்பிசகாமல் அடங்கும் எண். பைத்தான் 3 சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்கு முழுமைப்படுத்துகிறது. அதனால்தான் 2.5-க்கு 2, 3.5-க்கு 4. நோய் வேறு, காய்ச்சல் மட்டும் ஒன்று. இரண்டு மாதம் கழித்து ஒரு மாணவி எழுதிக் கேட்ட பிறகுதான் பிரித்தேன். அன்றிலிருந்து எங்கள் விதி: இரண்டு கேள்விகளை இணைப்பதற்கு முன், ஒன்றின் பதிலை எடுத்து மற்றதன் கேள்வியை உரக்கப் படித்துப் பொருத்திப் பார்க்க வேண்டும். ஒரு வாக்கியம் இடித்தாலும் இணைக்கக் கூடாது.

சி++ மொழியில் மார்ஷல் கிளைனின் எஃப்.ஏ.க்யூ.வும், மொழியை உருவாக்கிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப்பின் எஃப்.ஏ.க்யூ.வும் பல ஆண்டுகள் தனித்தனியாக ஓடி, பிறகு ஒன்றாக இணைக்கப்பட்டன. அந்த அளவில் நீங்கள் இறங்கினால், யார் எழுதிய பதில் எது என்ற கணக்கும் வேண்டும். எங்கள் சிறு தொகுப்பிலேயே ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து அப்படியே பெயர்த்து ஒட்டிய பதில்கள் ஆறு அகப்பட்டன. அங்கே எழுதப்படுபவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருபவை. எழுதியவரைக் குறிப்பிட வேண்டும், அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும். நான்கைச் சொந்தமாக மறுபடி எழுதினோம், இரண்டுக்கு முறையாகப் பெயர் போட்டோம்.

நாள்பட்டவை

கெட்டுப்போன பதிலைக் கண்டுபிடிப்பது சுலபம்: ஓட்டிப் பார்த்தால் உடையும். பைத்தானில் இதற்கு டாக்டெஸ்ட் என்ற மாட்யூல் கூடவே வருகிறது. மூன்று > குறிகளோடு எழுதிய எடுத்துக்காட்டுகளை அது படித்து, ஓட்டி, நீங்கள் எழுதிய விடையோடு ஒப்பிடும். எல்லாப் பதில்களையும் அதில் விட்டேன். 160 எடுத்துக்காட்டுகளில் 23 உடைந்தன. 1-ஐ 2-ஆல் வகுத்தால் 0 என்று ஒரு பதில் சாதித்துக்கொண்டிருந்தது; பைத்தான் 2-இல் சரி, 3-இல் 0.5. இப்போது தொகுப்பில் எந்தத் திருத்தம் கமிட் ஆனாலும் டாக்டெஸ்ட் ஓடிய பிறகுதான் வெளியே போகும்.

ஓடினாலும் நாள்பட்டவைதான் சிக்கல். எங்கள் ஜாவாஸ்கிரிப்ட் மூலையில் ஒரு பதில்: எழுத்தை எண்ணாக மாற்றும் பார்ஸ்இன்ட்டுக்கு ‘08’ கொடுத்தால் 0 வரும், எனவே இரண்டாவது மதிப்பாக 10 கொடுங்கள். முன்பு பல பிரவுசர்கள் முன்னால் உள்ள 0-வைப் பார்த்து எட்டை அடிப்படையாகக் கொண்ட எண் என்று எடுத்துக்கொண்டன. 2009-இல் வந்த எக்மாஸ்கிரிப்ட் 5 (ஜாவாஸ்கிரிப்ட்டின் தர வரையறை) அதை மாற்றிவிட்டது. ஆலோசனையால் இன்றும் கெடுதல் இல்லை. சொன்ன காரணம்தான் பொய்யாகிவிட்டது. இதை எந்தச் சோதனையும் பிடிக்காது. ஆள்தான் படிக்க வேண்டும்.

பதில் செத்தாலும் கேள்வி சாகாமல் இருக்கலாம் என்பதையும் கவனியுங்கள். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்தது. அந்தக் காலத்து 58 கேள்விகளையும் ஒரே வீச்சில் அழிக்க உட்கார்ந்தேன். ஆனால் பிரிண்ட்டில் அடைப்புக்குறி இல்லை என்ற எரர் பற்றிய கேள்வியை மாதம் பல நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழைய பாடத்திலிருந்து நிரலை நகலெடுப்பவர்கள் அவர்கள். பைத்தான் 2 என்று ஒன்று இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. கேள்வியை வைத்துக்கொண்டு பதிலை மாற்றினேன்: ‘நீங்கள் நகலெடுத்தது பழைய நிரல். இந்த வரியை இப்படி மாற்றுங்கள். மற்ற வரிகளிலும் இந்த மூன்றைக் கவனியுங்கள்.’ மற்ற 51 கேள்விகள் போயின. ஆறு கேள்விகள் இன்னும் விவாதத்தில்.

ஒவ்வொரு பதிலின் கீழும் ‘சரிபார்த்தது: பைத்தான் 3.12’ என்று ஒரு வரி வையுங்கள். ‘கடைசியாகத் திருத்தியது’ என்ற தேதி ஏமாற்றும். காற்புள்ளி மாற்றினாலும் அது புதுப்பிக்கப்படும்.

பகுதிகள்

இதில் நான் அதிகம் மெனக்கெடவில்லை. நிறுவுதல், எண்களும் எழுத்துகளும், லிஸ்ட் முதலியவை, ஃபங்ஷன், கோப்பு, எரர்கள் என்று தொடங்கி மொத்தம் எட்டுப் பகுதிகள். பகுதிக்குள் பகுதி கிடையாது. வரிசை, அதிகம் பார்க்கப்படுவது மேலே. ‘இதர’ என்று ஒரு பகுதி வைக்கலாம். அதில் பத்துக்கு மேல் சேர்ந்தால் அங்கே பெயர் வைக்காத ஒரு பகுதி ஒளிந்திருக்கிறது என்று பொருள். எங்களுக்கு அப்படித்தான் ‘மெய்நிகர் சூழல்’ பகுதி பிறந்தது.

பதிலின் அமைப்புக்கும் ஒரே ஒழுங்கு: முதல் வாக்கியம் விடை, அடுத்தது நகலெடுத்தால் ஓடும் நிரல், அதற்குப் பின்தான் காரணம். பழைய பதில் ஒன்று ‘பைத்தானில் மாறிகள் பெட்டிகள் அல்ல, பெயர்ச்சீட்டுகள்’ என்று தத்துவத்தில் தொடங்கி, நான்காம் பத்தியில் ‘எனவே காப்பி மெத்தடைப் பயன்படுத்துங்கள்’ என்று முடிந்தது. நான்காம் பத்தியைத் தூக்கி மேலே வைத்தேன். ஒரு வரி கூடப் புதிதாக எழுதவில்லை.

பிறகு வரும் வேலை

பைத்தான் இப்போது ஆண்டுதோறும் அக்டோபரில் புது வெர்ஷன் விடுகிறது. எங்கள் ஆண்டுக் கணக்கும் அப்போதுதான். புது வெர்ஷனில் டாக்டெஸ்ட்டை ஓட்டுவோம், எரர் வாசகங்கள் மாறியிருக்கின்றனவா பார்ப்போம், ஐந்தாண்டு ஆதரவு முடிந்த வெர்ஷனுக்கான குறிப்புகளை நீக்குவோம். மற்ற மாதங்களில், சரிபார்த்து அதிக நாளான பத்துப் பதில்களை ஆளுக்கு மூன்று நான்காகப் பிரித்துப் படிப்போம். ஒரு மாலை போதும்.

புதுக் கேள்வி சேர்க்க எங்கள் அளவுகோல் மூன்று: மூன்று வெவ்வேறு ஆட்கள் கேட்டிருக்க வேண்டும். இரண்டு பேர் கேட்டவை ஒரு காத்திருப்புக் கோப்பில் இருக்கும். ‘யாராவது கேட்கக்கூடும்’ என்று நாமே கற்பனை செய்து எழுதியவைதான் எங்கள் 412-இல் நூற்றுக்கும் மேல். அவற்றில் பலவற்றை ஓர் ஆண்டில் ஒருவர்கூடத் திறக்கவில்லை. அவற்றை அழிக்கும்போது எழுதியவருக்கு வலிக்கும். நான் எழுதிய இருபத்தேழை நானே முதலில் அழித்ததால் மற்ற இருவரும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது 136 கேள்விகள் இருக்கின்றன, வாசல்கள் மட்டும் 300-க்குச் சற்றுக் குறைவு. நான் அடுத்த ஆண்டு இதிலிருந்து விலகுகிறேன். அதற்காகப் பராமரிப்பவருக்கென்றே ஒரு பக்கக் குறிப்பு எழுதினேன்: குறும்பெயர் விதி, ரீடைரக்ட் கோப்பு எங்கே இருக்கிறது, தேடுசொல் வரி, அக்டோபர் வேலைகள், 31 குட்டிப் பக்கங்களை ஏன் அழிக்கக் கூடாது. பொறுப்பேற்கப் போகும் நண்பரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, ‘சரி, ஆனால் யாராவது பதிலே தப்பு என்று சண்டைக்கு வந்தால் யார் முடிவு செய்வது?’ என்று கேட்டார். குறிப்பில் அது இல்லை. இன்னும் இரண்டு பேர் கேட்கட்டும் என்று அவரிடம் சொல்ல முடியாதே, இன்று இரவு எழுதிச் சேர்க்கிறேன்.